மண் தின்னும் ஆசையும் ஒரு சொட்டுத் தைலமும்

சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் புகழ்ந்து குறுங்கோழியூர் கிழார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 20ஆம் பாடலாக இருக்கிறது. அந்த மன்னனின் மண்ணைப் பகைவர் யாராலும் தொட முடியாது, கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு அள்ளித் தின்றால்தான் உண்டு என்று அதில் வருகிறது. குறுந்தொகையின் 287ஆம் பாடலில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் சுமந்து மலையேறும் மேகங்களைப் பச்சைப் புளிக்கு ஏங்கும் நிறைசூல் பெண்களுக்கு ஒப்பிடுகிறார். இரண்டு இடத்திலும் புலவர்கள் இந்த ஆசைகளை நின்று விளக்கவில்லை. கேட்பவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்த சங்கதி. ஓர் அரசனின் வீரத்தைப் பாடும்போதுகூட நடுவே கொண்டுவந்து வைக்கும் அளவுக்கு மண் தின்னும் ஆசை அன்று ஊரறிந்த ஒன்றாக இருந்திருக்கிறது.

இன்றைக்குப் புளி ஆசையை மட்டும்தான் வீட்டில் வாய்விட்டுச் சொல்கிறார்கள். மாங்காய், நெல்லிக்காய் என்றால் கேட்ட மாத்திரத்தில் யாராவது வாங்கி வந்துவிடுவார்கள். வளைகாப்பில் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கிளறி, ஊரைக் கூட்டி அந்த ஆசையைத் தீர்த்துவைப்பார்கள். மண் ஆசைக்கு அந்த மரியாதை இல்லை. அடுப்புச் சாம்பல், திருநீறு, செங்கல் துண்டு, பல்பம் என்று எதையாவது மென்றுகொண்டிருக்கும் பெண் அதைக் கணவனிடம்கூடச் சொல்வதில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து வாயில் போட்டுக்கொள்கிறாள்.

வாசனைத் தைலங்கள் விஷயத்தில் இந்தக் கூச்சம் யாருக்கும் கிடையாது. தலைவலிக்கு நெற்றியில் தடவும் தைலம், மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கும்போது விடும் யூகலிப்டஸ் சொட்டு, தூக்கத்துக்குத் தலையணையில் தெளிக்கும் லாவெண்டர், இப்போது நகரத்துப் படுக்கையறைகளில் வாசனை கக்கிக்கொண்டிருக்கும் டிஃப்யூசர் எல்லாம் வெளிப்படையாகத்தான் நடக்கின்றன. ஆனாலும் ‘வேறென்ன மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்?’ என்று மருத்துவர் கேட்டால் இவை எதுவும் நினைவுக்கு வருவதில்லை. இவற்றை யாரும் மருந்தென்று எண்ணுவதில்லை. மண் ஆசை வெட்கத்தால் மறைகிறது. தைலம் சாதாரணம் என்று விடுபட்டுப்போகிறது. பரிசோதனை அட்டையில் இரண்டுமே ஏறுவதில்லை. இரண்டையும் ஒரே கட்டுரையில் சேர்த்து எழுத என்னைத் தூண்டியது இதுதான்.

உணவல்லாத பொருளைத் தின்னத் தோன்றும் ஆசைக்கு மருத்துவத்தில் பைக்கா என்று பெயர். உலகம் முழுக்க, எல்லாக் காலத்திலும் இது பதிவாகியிருக்கிறது. மண், சாம்பல், சுண்ணக்கட்டி, ஐஸ் கட்டி, வேகாத மாவுப் பொருள்கள் என்று பட்டியல் ஊருக்கு ஊர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். நம் பக்கத்தில் பச்சரிசியை அள்ளி மெல்லும் வழக்கம் மிகுதி. கேட்லின் பிளாசெக், எட்வர்ட் ஹேகன் என்ற மானுடவியலாளர்கள் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடம் மண் ஆசையையும் பச்சரிசி ஆசையையும் பற்றி விசாரித்து 2013இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள்.

இந்த ஆசைக்கும் இரத்தச்சோகைக்கும் உள்ள தொடர்பு திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தச்சோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். இருவரில் ஒருவருக்கு மேல். ஆகவே மண் தின்னத் தோன்றுகிறது என்று ஒரு பெண் சொன்னால், அவளைத் திட்டுவதற்கு முன் அவளுடைய இரத்தத்தைப் பரிசோதிப்பதுதான் முறை. ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருக்கும் ஆசையில் இந்தத் தொடர்பு இன்னும் பளிச்சென்று தெரிகிறது. இரும்புச்சத்து கொடுக்கத் தொடங்கியதும், ஹீமோகுளோபின் முழுக்க ஏறி முடிவதற்கு முன்பே, அந்த ஆசை அடங்கிவிடுவதை மருத்துவர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள்.

உடம்பு இரும்பைத் தேடித்தான் மண்ணுக்குப் போகிறது என்று முடிவுகட்டத் தோன்றும். அது அவ்வளவு நேரானது அல்ல. ஐஸில் இரும்பு கிடையாது. பச்சரிசியிலும் சொல்லும்படி இல்லை. களிமண்ணிலோ, இருக்கும் இரும்பு குடலில் ஏறுவது அரிது; அதைவிட மோசமாக, சோற்றிலும் கீரையிலும் வரும் இரும்பைப் பல களிமண் வகைகள் குடலிலேயே பிடித்துக்கொண்டு வெளியேற்றிவிடும். குறைபாட்டால் மண் தின்கிறாளா, மண் தின்பதால் குறைபாடு வருகிறதா என்பது இன்னும் தீராத வழக்கு. செரா யங் என்ற ஆய்வாளர் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதியவர். குடலின் உட்சுவரில் களிமண் படிந்து கிருமிகளையும் நச்சுகளையும் தடுக்கும் என்ற கருதுகோளை அவர் முன்வைக்கிறார். சுவையான கருதுகோள்தான். ஆனால் அதை நம்பி இன்றைய மண்ணைத் தின்னக் கூடாது. சேரநாட்டு மண்ணில் ஈயம் கலந்த பெயின்ட் உதிரவில்லை. பேட்டரி உடைத்த தொழிற்கூடம் அதன் அருகில் இல்லை. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தாயின் எலும்பில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் பழைய ஈயமும் கர்ப்பகாலத்தில் சுண்ணாம்புச்சத்தோடு சேர்ந்து கரைந்து இரத்தத்துக்கு வருகிறது. இதற்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை. மண்ணில் இருக்கும் உருண்டைப் புழு முட்டைகளின் தொல்லை தனி.

அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 180 நாள் தினமும் ஒன்று என்பது கணக்கு. குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவதால் தீங்கில்லை. குமட்டினால் இரவு படுக்கும் முன் போட்டுக்கொள்ளலாம். காப்பி, டீயோடு மட்டும் போடாதீர்கள். அவை இரும்பை ஏறவிடாது. ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ உடன் இருந்தால் நன்றாக ஏறும்.

மண் ஆசை பெரும்பாலும் வாயில் தொடங்குவதில்லை, மூக்கில்தான் தொடங்குகிறது. கோடை மழையின் முதல் துளிகள் விழுந்ததும் கிளம்பும் வாசனை தாங்க முடியவில்லை, அப்படியே அள்ளித் தின்ன வேண்டும்போல் இருக்கிறது என்று பெண்கள் சொல்வார்கள். அந்த வாசனையை ஆஸ்திரேலியாவின் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு வேதியியலாளர்கள் 1964இல் நேச்சர் இதழில் ஆராய்ந்து எழுதினார்கள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் ஜியாஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. மழை மண்வாசனைக்கு அதுவும் ஒரு காரணம். காற்றிலோ நீரிலோ லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் இந்த மண்வாசனையைப் பல தலைமுறைகளாக அத்தராகவே இறக்கிவருகிறார்கள். சுட்ட களிமண்ணைச் செப்புப் பாத்திரத்தில் வேகவைத்து, எழும் ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்துவைக்கிறார்கள். ஆசையும் வாசனையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருபவை என்பதற்கு இந்த அத்தரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கர்ப்பகாலத்தில் மூக்கு கூர்மையாகிவிடுகிறது என்று எல்லோரும் நம்புகிறோம். தாளிக்கும் வாசனை தெருமுனையிலேயே தெரிகிறது, கணவனின் சட்டை வாசனை ஆகவில்லை, நேற்றுவரை பிடித்த மல்லிகை இன்று குமட்டுகிறது. கேட்டுப்பார்த்த ஆய்வுகளில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் தங்கள் மோப்பம் கூடிவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆனால் ஆய்வகத்தில், மிக நீர்த்த வாசனைகளை முகரக் கொடுத்துச் சோதித்தால், கர்ப்பிணிகளின் மூக்கு மற்றவர்களுடையதைவிடக் கூர்மையானது என்று சீராக நிரூபிக்க முடியவில்லை. லெஸ்லி கேமரன் என்ற உளவியலாளர் 2014இல் இந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார். மாறுவது மூக்கின் கூர்மை என்பதைவிட, வாசனையை மூளை எடைபோடும் விதம் என்றே அவற்றிலிருந்து தோன்றுகிறது. சில வாசனைகள் முன்பைவிடப் பலமாகவும் அருவருப்பாகவும் படுகின்றன. இதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் ஒரு சண்டை குறையும். ‘எனக்கு ஒன்றும் நாறவில்லையே’ என்று வாதிடுவதில் பயனில்லை. அவளுக்கு நாறுவது உண்மை.

குமட்டலுக்கான காரணம் சமீபத்தில்தான் தெளிவாகியிருக்கிறது. ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனை நஞ்சுக்கொடி ஏராளமாகச் சுரந்து தாயின் இரத்தத்தில் விடுகிறது. அது மூளைத் தண்டில் உள்ள ஓர் ஏற்பியைத் தொட்டுக் குமட்டலைக் கிளப்புகிறது. கர்ப்பத்துக்கு முன்பே இந்த ஹார்மோன் உடம்பில் அதிகமாக இருந்து பழகிய பெண்களுக்கு வாந்தி குறைவு. முன்பு குறைவாக இருந்தவர்களைத் திடீரென்று ஏறும் அளவு புரட்டிப்போடுகிறது. 2023 டிசம்பரில் நேச்சரில் வந்த இந்த ஆய்வின் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர் மார்லினா ஃபெய்ஸோ. 1999இல் அவருக்கே கடும் கர்ப்பகால வாந்தி வந்து கரு கலைந்துபோனது. எல்லாம் மனசு சம்பந்தப்பட்டது என்று தட்டிக்கழிக்கப்பட்ட ஒரு நோயின் வேரைத் தேடி இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். மசக்கைக்காரியைப் பார்த்து ‘நாங்களெல்லாம் பெற்றுக்கொள்ளவில்லையா’ என்று கேட்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

குமட்டலுக்குக் கிடைத்தது போன்ற தெளிவு ஆசைகளுக்குக் கிடைக்கவில்லை. உடம்புக்கு எது குறைகிறதோ அதைத்தான் நாக்கு கேட்கும் என்பது பரவலான நம்பிக்கை. நடாலியா ஆர்லாஃப், ஜூலியா ஹார்ம்ஸ் இருவரும் 2014இல் இருக்கும் சான்றுகளையெல்லாம் அலசிப் பார்த்தபோது அதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பெண்களில் 50 முதல் 90 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஓர் ஆசை வருகிறது. அங்கே சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் முன்னால் நிற்கின்றன. சத்துக்குறைவு மட்டுமே காரணமென்றால் நாட்டுக்கு நாடு ஆசை இப்படி மாறாது. மற்ற நாளில் தனக்குத் தானே மறுத்துக்கொண்டதை இப்போது கேட்கலாம் என்ற உரிமைக்கும் அதில் பங்கு உண்டு என்கிறார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. நம் வீடுகளில் ஒரு பெண் தனக்கென்று வாய்திறந்து கேட்கவும், கேட்டது கைக்கு வரவும் வாய்க்கும் மாதங்கள் அவை. அதைக் கெடுத்துவிடக் கூடாது.

அதே சமயம் இது வெறும் பழக்கமும் அல்ல. 2022இல் பார்சிலோனாவில் மார்க் கிளாரெட் குழுவினர், சூலுற்ற எலிகளுக்கும் மனிதர்களைப் போலவே இனிப்புக்கும் கொழுப்புக்கும் ஆசை பீறிடுவதைக் கண்டார்கள். மூளையில் டோபமைன் வழிகள் அந்த நாள்களில் மாறியமைகின்றன. ஆசைக்கெல்லாம் அளவில்லாமல் தின்னவிட்ட தாய் எலிகளின் குட்டிகளுக்கு, குறிப்பாக ஆண் குட்டிகளுக்கு, பின்னாளில் எடை, சர்க்கரைக் கோளாறுகளும் பதற்றமும் வந்தன. எலியிடம் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் தினமும் இரண்டு மாம்பழம், கூடவே ஒரு பாட்டில் குளிர்பானம் என்று போகும் ஆசையை ‘இருவருக்காகச் சாப்பிடுகிறாள்’ என்று விட்டுவிட வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கும் சோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை என்ற வசதியோடு இந்த எளிய முறையை நாடு முழுக்கப் பரவச் செய்ததில் சென்னை மருத்துவர் வி. சேஷையாவுக்குப் பெரும்பங்கு உண்டு.

பப்பாளி பற்றி ஒரு வார்த்தை. 2002இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில் பழுத்த பப்பாளி கருப்பையை ஒன்றும் செய்யவில்லை. காயின் பால் கருப்பைத் தசையைச் சுருங்கவைத்தது. காயை ஒதுக்குவது நியாயம். நன்றாகப் பழுத்த பழத்துக்கு ஆசைப்பட்டவளை அதட்ட வேண்டியதில்லை.

தாய் சாப்பிடுவதன் மணம் பனிக்குடத்துக்குப் போய்ச் சேருகிறது என்பதை 1995இல் ஜூலி மென்னெல்லா குழுவினர் நேரடியாகவே காட்டினார்கள். பூண்டுச் சாறு அடைத்த மாத்திரை விழுங்கிய தாய்மாரின் பனிக்குட நீரை மற்றவர்களை முகரச் செய்தபோது, அதில் பூண்டு வாசனை தெரிந்தது. கர்ப்பத்தில் கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், ஆறு மாதம் கழித்துக் கேரட் கலந்த கூழை மற்றக் குழந்தைகளைவிட விரும்பி உண்டார்கள் என்று 2001இல் அவரே எழுதினார். பிரான்சில் பெனுவா ஷால் குழுவினர் சோம்பு போன்ற மணமுள்ள அனீஸை உண்ட தாய்மாரின் குழந்தைகளைப் பிறந்த சில மணி நேரத்திலேயே சோதித்தார்கள். அந்த மணத்தின் பக்கமே அவை முகம் திரும்பின. 2022இல் இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகத்தில் 32, 36 வார வயிற்றுப் பிள்ளைகளை ஸ்கேனில் பார்த்தார்கள். தாய் கேரட் தூள் விழுங்கினால் சிரிப்பது போலவும், கசப்பான கேல் கீரைத் தூள் விழுங்கினால் அழுவது போலவும் அவற்றின் முகம் மாறியது.

மனத்தைக் குளிர்விக்கும் செய்திகள்தான் இவை. ஆனால் இதிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. பூண்டு, கேரட், சோம்பின் மண மூலக்கூறுகளுக்குத் திறந்திருக்கும் வழி கற்பூரத்துக்கும் யூகலிப்டசுக்கும் மூடிவிடாது. வாசனை எண்ணெய்களின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை, கொழுப்பில் கரைபவை. தோல், நுரையீரல், நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் எளிதில் கடக்கும் குணம் அவற்றுக்கு இயல்பிலேயே உண்டு. மண் ஆசையைச் சொல்லாமல் விடுவதைப் போலவே தைலத்தைச் சொல்லாமல் விடுவதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

‘இயற்கையானது, மூலிகைதானே’ என்ற நிம்மதியில் ஒரு பிழை இருக்கிறது. மூலிகை வேறு, அதிலிருந்து வடித்தெடுத்த எண்ணெய் வேறு. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் இறங்க மூன்று டன்னுக்கு மேல் இதழ்கள் வேண்டும். ஒரு சொட்டில் எத்தனை பூக்கள் ஒடுங்கியிருக்கின்றன என்று எண்ணிப்பாருங்கள். ஊட்டிக்குப் போனவர்கள் தவறாமல் வாங்கிவரும் விண்டர்கிரீன் தைலத்தை எடுத்துக்கொள்வோம். நீலகிரியில் இயல்பாக வளரும் ஒரு செடியின் இலையிலிருந்து அது வருகிறது. அதில் ஏறத்தாழ முழுவதும் மீத்தைல் சாலிசிலேட். ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், உள்ளே போனால் ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 325 மில்லிகிராம் மாத்திரையாகக் கணக்கிட்டால் 20க்கு மேல். பெரியவர் உயிருக்கே ஆபத்தான அளவு. யாரும் அதைக் குடிக்கப்போவதில்லை என்றாலும், இடுப்பு வலிக்குத் தினமும் காலையும் மாலையும் சூடு பறக்கத் தேய்த்தால் தோல் வழியாகவும் கொஞ்சம் ஏறுகிறது. இந்த இன வலிமருந்துகள் 20 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. இரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்க மருத்துவரே எழுதித் தரும் 75 அல்லது 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் வேறு கணக்கு. இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்.

கற்பூரம் நமக்கு இன்னும் நெருக்கம். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவாத வீடு அரிது. இதே போன்ற கற்பூர எண்ணெய் அமெரிக்கக் கடைகளில் முன்பு தாராளமாகக் கிடைத்தது. விளக்கெண்ணெய் என்று தவறாக எடுத்துக் கர்ப்பிணிகள் குடித்துவிட்ட நிகழ்வுகள் 1960களிலும் 70களிலும் மருத்துவ இதழ்களில் பதிவாகின. தாய்க்கு வலிப்பு வந்தது. கற்பூரம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போயிருந்தது. 1980களின் தொடக்கத்தில் அந்நாடு கற்பூர எண்ணெயைக் கடைகளிலிருந்து அகற்றியது. தடவும் மருந்துகளில் கற்பூரம் 11 விழுக்காட்டைத் தாண்டக் கூடாதென்றும் வரம்பு கட்டியது. பெங்களூரு நரம்பியல் மருத்துவர் தாமஸ் மேத்யூவும் குழுவினரும், யூகலிப்டசும் கற்பூரமும் கலந்த பாம், தைலங்களைத் தடவியும் முகர்ந்தும்கூடச் சிலருக்கு வலிப்பு தூண்டப்படுவதைத் தென்னிந்திய நோயாளிகளிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள். வலிப்பு நோயுள்ள கர்ப்பிணி இந்த இரண்டையும் அறவே தவிர்க்க வேண்டும். கோயில் தீர்த்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் சேரும் பச்சைக் கற்பூரம் கடுகளவு. நான் சொல்வது அதை அல்ல.

வாசனை எண்ணெயை ‘கருவைக் கலைக்கும்’ என்று நம்பிக் குடித்து உயிர்விட்ட பெண்களும் உண்டு. 1978இல் அமெரிக்காவின் கொலராடோவில் 18 வயதுப் பெண் ஒருத்தி புதினா இனத்தைச் சேர்ந்த பென்னிராயல் எண்ணெயைச் சுமார் 30 மில்லிலிட்டர் குடித்தாள். கல்லீரல் செயலிழந்து ஒரு வாரத்தில் இறந்தாள். அந்த எண்ணெயிலுள்ள புலிகோன் கல்லீரலில் நஞ்சாக மாறுகிறது. கருவைக் கலைப்பதாகச் சொல்லப்படும் எண்ணெய்கள் பெரும்பாலும் தாயைக் கொல்லும் அளவை எட்டித்தான் அதைச் செய்கின்றன. பென்னிராயலோடு, விண்டர்கிரீன், கற்பூர எண்ணெய், தூயோன் நிறைந்த மாசிப்பத்திரி வகை எண்ணெய்கள், பார்ஸ்லி விதை எண்ணெய், சதகுப்பை எண்ணெய் ஆகியவற்றைக் கர்ப்பிணி தொடாமலிருப்பதே நல்லது. சமையலில் போடும் சோம்பு, ஓமம், புதினாவுக்கு இந்தத் தடை பொருந்தாது.

வாசனை சிகிச்சையில் பலனே இல்லையா என்று கேட்டால், கொஞ்சம் உண்டு. 2014இல் ஈரானில் 100 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையில் எலுமிச்சை எண்ணெயை முகர்ந்தவர்களுக்குக் குமட்டல் ஓரளவு குறைந்தது. எண்ணெய் எதற்கு? ஓர் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்தால் அதே மணம்தானே. குமட்டலுக்கு இஞ்சியும் ஓரளவு உதவுகிறது. அதற்கும் மேல் வைட்டமின் பி6, டாக்ஸிலமின் மாத்திரைகள் இருக்கின்றன. வாந்தியால் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது என்றால் வாசனையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. பிரசவ அறையில் ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனை 1990 முதல் 1998 வரை 8,058 தாய்மாரிடம் வாசனை எண்ணெய்களைப் பயன்படுத்திப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்டோர் உதவியாக இருந்தது என்றார்கள். 1 விழுக்காட்டினருக்குச் சிறு உபாதைகள் வந்தன. வலி உண்மையிலேயே குறைந்ததா என்று காக்ரேன் தொகுப்பாய்வு 2011இல் பார்த்தபோது வேறுபாடு தெரியவில்லை. பயமும் பதற்றமும் சற்றுத் தணிகின்றன என்பதோடு நிறுத்திக்கொள்வோம். பிரசவ வலியில் இருப்பவளுக்கு அதுவும் சிறியதல்ல.

ஆசைப்பட்டால் பயன்படுத்தலாம், வழி தெரிந்து. முதல் மூன்று மாதம் எண்ணெய்களைத் தடவ வேண்டாம். அதன்பிறகு லாவெண்டர் போன்ற மென்மையானதை மட்டும், தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ 30 மில்லிலிட்டருக்கு 6 சொட்டு, அதாவது 1 விழுக்காடு என்ற அளவைத் தாண்டாமல் கலந்து தடவலாம். நேரடியாகத் தோலில் விடக் கூடாது. வாய்வழியாக ஒரு சொட்டுகூடக் கூடாது. தேனில் கலந்து குடிக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் சரி. டிஃப்யூசரைச் சன்னலைத் திறந்துவைத்துக் கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்திவிடுங்கள். புகைக்கு இந்த மன்னிப்பும் கிடையாது. மூடிய அறையில் எரியும் ஒரு கொசுவர்த்திச் சுருள் விடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் அளந்து சொன்னார்கள். கர்ப்பிணிக்குக் கொசுவலைதான் ஏற்றது. தலைக்குளித்த பின் சாம்பிராணி பிடிப்பதையும் திறந்த இடத்தில், முகத்துக்கு நேராக இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம சுகாதாரச் செவிலியர் கேட்கும் கேள்விகளோடு இரண்டு சேர வேண்டும் என்பது என் விருப்பம். ‘சாப்பாடு இல்லாத எதையாவது வாயில் போடத் தோன்றுகிறதா அம்மா?’ என்பது ஒன்று. ‘எதைத் தடவுகிறீர்கள், எதை முகர்கிறீர்கள்?’ என்பது மற்றொன்று. முகம் சுளிக்காமல் கேட்டால் பெண்கள் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால், படிக்கும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

சிலருக்கு ஆசை அந்துருண்டை வாசனையிலும் போய் நிற்கிறது. துணிப் பெட்டியைத் திறந்து முகர்ந்துகொண்டே இருப்பார்கள், சிலர் நக்கியும் பார்ப்பார்கள். அந்துருண்டையிலுள்ள நாப்தலின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு மிக மோசமாக. ஏற்கெனவே இரத்தச்சோகையில் இருக்கும் தாய்க்கு இது இரட்டை இழப்பு. குழந்தைக்கும் அதே ஆபத்துதான். அந்துருண்டை போட்டு எடுத்துவைத்த பழைய துணிகளையும் கம்பளியையும் சுற்றிய பச்சிளங்குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து, கடும் மஞ்சள் காமாலை வந்து, மூளை வரை பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் உண்டு. மூத்த பிள்ளையின் துணிகளை இளையதற்கு எடுக்கும் வழக்கம் நல்ல வழக்கம். அவற்றை அந்துருண்டை இல்லாமல் வைத்திருங்கள். வாசனை ஏறிய துணி என்றால் பலமுறை துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, வாசனை முற்றிலும் போன பிறகே குழந்தைக்குப் போடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே நெஞ்சிலோ மூக்கின் அருகிலோ கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் கலந்த எதையும் தடவாதீர்கள். மூச்சுக்குழல் இறுகிக் குழந்தை திணறக்கூடும். பிறந்த குழந்தையின் கண்ணில் மஞ்சள் ஏறி, சிறுநீர் கட்டன்டீ நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குழந்தையைச் சுற்றியிருந்த துணி அந்துருண்டைப் பெட்டியிலிருந்து எடுத்தது என்றால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.